ஏன் ஆறு பேர்? உள் தணிக்கைப் பிரிவுக்கு ஆள் எடுப்பது பற்றி

சில வருடங்களுக்கு முன்பு, பினாங்கில் நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், எங்கள் ஆடிட் பிரிவுத் தலைவர் இயக்குநர் வாரியத்தின் தணிக்கைக் குழு முன்னால் உட்கார்ந்து, "நாலு பேர் போதவில்லை, ஆறு பேர் வேண்டும்" என்று கேட்டார். குழுவில் இருந்த ஒரு பெரியவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "ஏன் ஆறு? ஏன் எட்டு இல்லை?" என்றார். எங்களிடம் பதில் இல்லை. வேலை அதிகம், தினமும் இருட்டிய பிறகுதான் வீட்டுக்குக் கிளம்புகிறோம் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் அது புலம்பல், கணக்கு இல்லை. ஒரு ஆள்கூடக் கிடைக்கவில்லை.

கோப்புகளை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்த எனக்கு, சாயங்காலம் பெர்ரி ஏறி பட்டர்வொர்த் போய்ச் சேரும் வரை மண்டைக்குள் அந்தக் கேள்விதான் ஓடியது. வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா பாயான் லெப்பாஸில் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் பேக்டரியில் பதினெட்டு வருடம் ஆபரேட்டராக இருந்தவர். "ஆளு கேக்குறதுக்கு முன்னாடி, எத்தன ரிஜெக்ட் திரும்பி வருதுன்னு எண்ணிப் பாத்தீங்களா?" என்றார்.

எண்ணவில்லை. ஆடிட் ஆபீஸில் ரிஜெக்ட் என்று ஒன்று உண்டு என்பதே எனக்கு அதுவரை தோன்றவில்லை.

இது என்ன வேலை

புதிதாக வருகிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வருடக் கடைசியில் வந்து, நிறுவனத்தின் கணக்கறிக்கை சரிதானா என்று பார்த்துக் கருத்துச் சொல்லிக் கையெழுத்துப் போடுகிறவர் வெளித் தணிக்கையாளர். உள் தணிக்கை வேறு. அது வருடம் முழுக்க நடக்கும். ஸ்டோரில் சாமான் காணாமல் போனால் தெரியவருமா, கொள்முதலில் ஒரே ஆள் விலை கேட்டு, ஆர்டர் கொடுத்து, பில்லையும் பாஸ் செய்கிறாரா, வேலையை விட்டுப் போனவரின் கணினிக் கடவுச்சொல் இன்னும் வேலை செய்கிறதா என்று ஒவ்வொரு பிரிவாகப் போய்ப் பார்த்து, நிர்வாகத்துக்கும் தணிக்கைக் குழுவுக்கும் சொல்கிற வேலை.

மலேசியப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களுக்கு இது கட்டாயம். அந்தச் சந்தையை நடத்தும் புர்சா மலேசியாவின் விதிப்படி உள் தணிக்கைப் பிரிவு, தான் தணிக்கை செய்யும் வேலைகளிலிருந்து விலகி நிற்க வேண்டும். நேரடியாகத் தணிக்கைக் குழுவுக்குப் பதில் சொல்ல வேண்டும். சொந்த ஆட்களை வைத்துச் செய்கிறார்களா, வெளி நிறுவனத்திடம் விட்டிருக்கிறார்களா, எவ்வளவு செலவானது என்பதும் ஆண்டறிக்கையில் வரும். 2021ல் திருத்தப்பட்ட மலேசிய நிறுவன நிர்வாக நெறித்தொகுப்பு இன்னும் கொஞ்சம் கேட்கிறது: பிரிவில் எத்தனை பேர், தலைவரின் பெயரும் தகுதியும், ஆட்களுக்கு வேறு யாரோடும் நலன் சார்ந்த தொடர்பு இல்லாமல் இருக்கிறதா, ஏற்கப்பட்ட ஒரு தொழில் சட்டகத்தின்படி வேலை நடக்கிறதா. ஆண்டறிக்கையைப் புரட்டுகிறவர் கண்ணில் முதலில் படுவது எத்தனை பேர் என்ற எண்தான். அதனால்தான் எல்லாரும் அந்த எண்ணைப் பற்றியே பேசுகிறோம்.

அம்மாவின் பேக்டரிப் பாடம்

டிகியூஎம் என்று சுருக்கிச் சொல்கிறோமே, அந்த முழுமைத் தர மேலாண்மை, போருக்குப் பிந்தைய ஜப்பானில் வேர்விட்ட ஒரு சிந்தனை. அமெரிக்கத் தர நிபுணர்களான டெமிங் 1950லும், ஜுரான் 1954லும் அங்கே போய்ப் பாடம் எடுத்தார்கள். ஜப்பானியரான இஷிகாவா 1962லிருந்து தர வட்டங்களைப் பரப்பினார். ஒரே இடத்தில் வேலை செய்கிற ஏழெட்டுப் பேர் கூடி உட்கார்ந்து, எது ஏன் பழுதாகிறது என்று தாங்களே பேசித் தீர்ப்பதுதான் தர வட்டம்.

ஜப்பான் போன்ற கிழக்கு நாடுகளைப் பார்த்துக் கற்போம் என்று நம் நாடு 1982ல் கிழக்கை நோக்கும் கொள்கையை அறிவித்தது. 1992ல் அரசு ஊழியர்களுக்கென்றே டிகியூஎம் வழிகாட்டியைச் சுற்றறிக்கையாக அனுப்பினார்கள். அரசு அலுவலகத்தில் வேலை பார்த்த உறவினர் யாரையாவது கேளுங்கள், 'கேஎம்கே' என்றால் தெரியும். தர வட்டத்தின் மலாய்ப் பெயர்ச் சுருக்கம் அது. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் 1972லிருந்து வந்து இறங்கிய அமெரிக்க, ஜப்பானிய, ஜெர்மானிய பேக்டரிகள் வழியாக, செபராங் பிறையிலிருந்து பேக்டரி பஸ் ஏறிப் போன எத்தனையோ தமிழ்ப் பெண்களுக்கும் இந்தப் பேச்சு பழக்கமாகிவிட்டது. புத்தகத்தில் படித்து வந்தது இல்லை. அம்மா சொல்வார்: "அடுத்த டேபிள்ல ஒக்காந்திருக்கறவதான் எனக்குக் கஸ்டமரு. நான் கோணலா வச்சா அவ கையிலதான் மாட்டும்." அடுத்த கட்டத்தில் வேலை செய்கிறவரே உன் வாடிக்கையாளர் என்று இஷிகாவா சொன்னதும் இதைத்தான்.

இந்தச் சிந்தனையின் அடிப்படை ஒன்றே ஒன்று. கடைசியில் உட்கார்ந்து நல்லதைப் பொறுக்கி, கெட்டதைத் தள்ளுவதால் தரம் வராது. செய்யும்போதே வர வேண்டும். உளுந்து சரியாக அரைபடாமல் போனால், கல்லில் எத்தனை கரண்டி எண்ணெய் ஊற்றினாலும் தோசை தோசையாக வராது.

சரி, ஆடிட்டில் இது எங்கே வருகிறது?

ஆறு தடவை திரும்பி வந்த அறிக்கை

பிறையில் இருந்த எங்கள் ஸ்டோர் ஒன்றைத் தணிக்கை செய்துவிட்டு வந்து ஜூனியர் பையன் எழுதினான்: 'சரக்குப் பதிவுகள் முறையாகப் பராமரிக்கப்படவில்லை.' மேனேஜர் சிவப்பு மையில் ஓரத்தில் எழுதினார்: எந்தப் பதிவு? எத்தனை? பையன், பார்த்ததைக் குறித்துவைக்கும் தன் வேலைத்தாளைத் திறந்தால் அதில் எண்ணிக்கை இல்லை. பார்த்தான், குறித்துக்கொள்ளவில்லை. திரும்ப பிறைக்குப் போனான். ஸ்டோர் பொறுப்பாளர் அன்று லீவு. இரண்டு நாள் போயிற்று. '40 சரக்கு அட்டைகளில் 11ல் கையெழுத்து இல்லை' என்று திருத்திக் கொடுத்தான். மறுபடியும் சிவப்பு மை: அதனால் என்ன? கையெழுத்து இல்லாத அட்டைகளில் சரக்குக் குறைந்திருக்கிறதா? அதைப் பார்க்க வேண்டும் என்று யாரும் அவனிடம் ஆரம்பத்திலேயே சொல்லவில்லை. இப்படி அந்த அறிக்கை ஆறு முறை போய் வந்தது. கடைசியில் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதைப் படிக்க வேண்டிய ஸ்டோர் மேனேஜர் அதற்குள் வேறு பிரிவுக்கு மாறிப் போய்விட்டார்.

இந்தச் சிவப்பு மைதான் பேக்டரி மொழியில் கடைசிக் கட்டப் பரிசோதனை. ரிஜெக்ட் என்று அம்மா கேட்டது இதைத்தான்.

எண்ண ஆரம்பித்தோம். ஒரு வெள்ளைப் பலகையில், வரைவு திரும்பி வரும் ஒவ்வொரு முறையும் ஒரு கோடு, பக்கத்தில் காரணம். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் கோடுகளில் பெரும்பாலானவை இரண்டே காரணங்களில் விழுந்திருந்தன. ஒன்று, எதைப் பார்க்கப் போகிறோம், ஏன் என்று முதலிலேயே பேசி முடிவு செய்யாதது. இரண்டு, இடத்தில் நின்றபோதே எண்ணிக் குறிக்காதது. நாங்கள் எல்லாரும் திட்டிக்கொண்டிருந்த 'எழுதத் தெரியவில்லை' என்ற காரணம் மூன்றாவதாகத்தான் வந்தது. பல காரணங்களில் சிலவே பெரும் சேதத்தைச் செய்யும் என்று ஜுரான் சொன்னதன் பலகை வடிவம்.

ஆள் எடுப்பதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றால், எல்லாச் சம்பந்தமும் இதில்தான். அந்த நேரத்தில் நாங்கள் 'அறிக்கை நன்றாக எழுதத் தெரிந்தவர் தேவை' என்று விளம்பரம் கொடுக்கத் தயாராக இருந்தோம். எடுத்திருந்தால் அவரும் எண்ணிக்கை இல்லாத வேலைத்தாளை வைத்துக்கொண்டு அழகான வாக்கியம் எழுதியிருப்பார். எங்களுக்குத் தேவைப்பட்டது புது ஆளே இல்லை. ஏற்கெனவே இருந்த அனுபவசாலியின் நாட்களை இடம் மாற்றுவது. கடைசி நான்கு நாள் வரைவைத் திருத்திக்கொண்டிருந்த சீனியரை, முதல் மூன்று நாள் ஜூனியரோடு ஸ்டோருக்கே அனுப்பினோம். எதைக் கேட்க வேண்டும், எதை எண்ண வேண்டும் என்று அங்கேயே நின்று முடிவு செய்தார்கள். ஆறு முறை போய் வந்தது இரண்டு முறையாகக் குறைந்தது. மேனேஜருக்குத்தான் கொஞ்ச நாள் கை பரபரத்தது, சிவப்புப் பேனாவுக்கு வேலை இல்லையே என்று!

நாள் கணக்கு

இனி அந்தப் பெரியவரின் கேள்விக்கு வருவோம். எண்களை விளக்கத்துக்காக முழுதாக்கி வைத்துக்கொள்கிறேன். வருடத்தில் 365 நாள். சனி, ஞாயிறு 104 போனால் 261. பொது விடுமுறை 16 என்று வையுங்கள். தைப்பூசமும் ஜூலை 7, ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரிய நகர நாளும் எங்கள் மாநிலத்தில் விடுமுறை. மிச்சம் 245. ஆண்டு விடுப்பும் மருத்துவ விடுப்பும் சேர்த்து 25 போக 220. பயிற்சிக்கு 10. கூட்டம், நேரப் பதிவு, இன்ன பிற ஆபீஸ் வேலைக்கு 30. ஆக, ஒருவர் கையில் உண்மையாக இருப்பது 180 நாள். நாலு பேருக்கு 720.

வருடத் திட்டத்தில் 14 தணிக்கை, ஒன்றுக்கு 45 நாள் என்றால் 630. போன வருடம் சொன்ன குறைகளைத் திருத்தினார்களா என்று பார்க்க 50. திடீரென்று வந்து விழும் புகார் விசாரணைகளுக்கு 80. மொத்தம் 760. பற்றாக்குறை 40 நாள்.

நாற்பது நாள் என்பது ஓர் ஆளின் கால்வாசிகூட இல்லை. நாங்கள் கேட்டதோ இரண்டு ஆள்! தணிக்கைக்கு மூன்று நாள் வீதம் திருத்த வேலை குறைந்தால் 42 நாள் மிச்சம், அந்தப் பற்றாக்குறையே காணாமல் போய்விடும். நல்லவேளை, அந்தப் பெரியவர் கண்ணாடியைக் கழற்றியதோடு விட்டார்.

ஆனால் நாள் கணக்கு பாதிதான். நாள் போதும், ஆனால் யாருடைய நாள்? ஒரு தாளில் இடப்பக்கம் நிறுவனத்துக்கு இருக்கும் முக்கிய அபாயங்களை எழுதுங்கள். மேலே உங்கள் ஆட்களின் பெயர்களை எழுதுங்கள். யாருக்கு எது ஓரளவாவது தெரியுமோ அந்தக் கட்டத்தில் புள்ளி வையுங்கள். எங்கள் தாளில் கணக்கு, கொள்முதல் வரிசைகளில் நாலு புள்ளி. கணினிப் பாதுகாப்பு வரிசையில் ஒன்றுமே இல்லை. நாலு பேரும் கணக்கியல் படித்தவர்கள். அப்படிப் பார்த்தால் ஐந்தாவதாக இன்னொரு கணக்காளரை எடுத்தாலும் அந்த வரிசை வெறுமையாகத்தான் இருக்கும். அடுத்த வருடம் தலைவர் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போய் ஒரே ஓர் ஆள் கேட்டார், கணினி தெரிந்தவர். பத்து நிமிடத்தில் முடிந்தது.

உலக அளவில் 2025 ஜனவரி 9 முதல் நடைமுறைக்கு வந்த புதிய உள் தணிக்கைத் தரநிலைகளும் ஆள் பலத்தை இந்த மூன்று பக்கமும் பார்க்கின்றன: பொருத்தமான ஆட்களா, போதுமான ஆட்களா, சரியான இடத்தில் பயன்படுகிறார்களா. 'போதுமா' என்பது மட்டுமே நம் காதில் விழுகிறது.

தண்ணீர் ட்ரம்

கலவையான குழு ஏன் வேண்டும் என்பதற்கு நான் எப்போதும் சொல்லும் கதை ஒன்று உண்டு. எங்கள் நிறுவனத்தில் ஸ்டோரில் இருபது வருடம் இருந்த ஓர் அண்ணனை ஒன்றரை வருடத்துக்கு ஆடிட் பிரிவுக்குக் கடனாக வாங்கினோம். தான் பொறுப்பில் இருந்த வேலையை 12 மாதம் ஆகும் முன் ஒருவர் தணிக்கை செய்யக் கூடாது என்பது விதி. அதனால் அவரைப் பழைய ஸ்டோர் பக்கமே விடாமல், இன்னொரு ஆலையின் இரும்புக் கழிவு விற்பனையைப் பார்க்க எங்களோடு அனுப்பினார்கள்.

கழிவு எடுக்க வரும் லாரியை வெறுமனே ஒரு தடவை எடை மேடையில் ஏற்றுவார்கள். இரும்பு ஏற்றிய பிறகு இன்னொரு தடவை. வித்தியாசத்துக்குத்தான் காசு. நானும் ஜூனியரும் மூன்று மாதச் சீட்டுகளையும் கூட்டிக் கழித்துப் பார்த்தோம். ஒரு கிலோ பிசகவில்லை. அண்ணன் சீட்டைத் தொடவே இல்லை. வேலிக்குப் பக்கத்தில் ஒரு டீயைக் கையில் வைத்துக்கொண்டு லாரியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "தங்கச்சி, அந்த ட்ரம் ரெண்டயும் பாருங்க. உள்ள வர்றப்ப தண்ணி தளும்புச்சு. இப்பக் காலி" என்றார்.

நிறைந்த ட்ரம்மோடு வந்தால் வெறும் லாரியின் எடை கூடும். தண்ணீரைக் கொட்டிவிட்டு இரும்போடு போனால், கொட்டிய தண்ணீரின் எடைக்கு இரும்பு இலவசம். எங்கள் சீட்டுக் கணக்கில் இது சாகும்வரை தெரிந்திருக்காது. கணக்காளரைக் குறை சொல்லவில்லை, நானும் கணக்காளர்தான். ஆனால் அந்த அண்ணனை வேலைக்கு எடுக்க விளம்பரம் போட்டிருந்தால், 'பட்டம் அவசியம்' என்ற முதல் வரியிலேயே அவர் கழிந்து போயிருப்பார்.

வாடிக்கையாளர் என்ற வழுக்கல்

டிகியூஎம்மை ஆடிட்டுக்கு அப்படியே கொண்டுவர முடியாத இடம் ஒன்று இருக்கிறது. வாடிக்கையாளரைத் திருப்திப்படுத்து என்கிறது டிகியூஎம். தணிக்கை செய்யப்படும் பிரிவு எங்களுக்கு வாடிக்கையாளரா? அறிக்கையைப் படித்துக் குறையைத் திருத்த வேண்டியவர்கள் அவர்கள்தான், அந்த வகையில் ஆமாம். ஆனால் அவர்கள் மனம் கோணாமல் எழுதுவது எங்கள் வேலை இல்லை. நாங்கள் பதில் சொல்ல வேண்டியது தணிக்கைக் குழுவுக்கு.

நான் இதை இப்படிப் பிரித்துக்கொள்கிறேன். என்ன கண்டோம் என்பதில் அவர்கள் விருப்பத்துக்கு இடமில்லை. எப்படி நடந்துகொண்டோம் என்பதில் உண்டு. சம்பளம் போடும் வாரத்தில் போய்ச் சம்பளப் பிரிவை உலுக்கினோமா, ஒரே ஆவணத்தை மூன்று பேர் மூன்று முறை கேட்டோமா, சொன்ன தேதியில் அறிக்கை கொடுத்தோமா என்று ஒவ்வொரு தணிக்கைக்குப் பிறகும் கேட்டு எழுதி வாங்கலாம். ஆள் எடுக்கும் நேர்காணலிலும் இது உதவும். கோபமாக இருக்கிற ஒரு கிராணியிடம் (எழுத்தரிடம்) எப்படிக் கேள்வி கேட்பாய் என்று கேட்டுப் பாருங்கள். சான்றிதழ் சொல்லாததை அந்தப் பதில் சொல்லிவிடும்.

சிவப்பு மணிகள்

ஆளை எடுத்த பிறகு அவர்களை எப்படி அளக்கிறோம் என்பதும் ஆள் விஷயம்தான். சில இடங்களில் 'இந்த வருடம் நீ எத்தனை குறை கண்டுபிடித்தாய்' என்று எண்ணி போனஸ் கொடுக்கிறார்கள். டெமிங் இதற்கென்றே ஒரு விளையாட்டு வைத்திருந்தார். ஒரு பெட்டியில் 4,000 மணிகள். அவற்றில் 800 சிவப்பு. 50 குழி உள்ள கரண்டியால் ஆளுக்கு ஒரு தடவை அள்ள வேண்டும், சிவப்பு மணி வந்தால் பழுது. சராசரியாகப் பத்து வரத்தான் செய்யும். ஒருவருக்கு ஆறு வரும், இன்னொருவருக்குப் பதினான்கு. டெமிங் மேற்பார்வையாளர் வேடம் போட்டு முதலாமவரைப் பாராட்டுவார், இரண்டாமவரைத் திட்டுவார். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். பிறகு தங்கள் ஆபீஸை நினைத்துச் சிரிப்பை நிறுத்துவார்கள்.

குழப்பமான பிரிவுக்குப் போன தணிக்கையாளருக்கு இருபது குறை கிடைக்கும். ஒழுங்கான பிரிவுக்குப் போனவருக்கு மூன்று. பெட்டியில் இருப்பதுதான் கரண்டியில் வரும். எண்ணிக்கைக்குப் பரிசு என்றால், மூன்று கிடைத்தவர் சும்மா இருப்பாரா? சில்லறைச் செலவு வவுச்சரில் தேதி இல்லை, கோப்பில் பக்க எண் இல்லை என்று எழுதி எண்ணிக்கையை ஏற்றுவார். எழுதியும் இருக்கிறார்கள், படித்திருக்கிறேன். எண்ணிக்கை இலக்கை ஒழி, பயத்தை விரட்டு என்று டெமிங், நிர்வாகத்துக்கென்று வகுத்த தன் 14 அம்சங்களில் சொன்னார். பயம் இருக்கிற குழுவில் 'இந்தச் சோதனையை நான் செய்ய விட்டுவிட்டேன்' என்று ஜூனியர் வாய் திறக்க மாட்டார்; ஒரு டிக் போட்டுவிட்டுப் போவார்.

வெளி நிறுவனத்திடம் தணிக்கையை விடுகிறவர்களுக்கும் அந்த 14ல் ஒன்று உண்டு: விலையை மட்டும் பார்த்து வாங்காதே. குறைந்த விலை சொன்ன நிறுவனம் வருடத்துக்கு ஒரு புது முகத்தை அனுப்பும், அந்தப் பையனுக்கு நிறுவனத்தின் கழிவறை எங்கே இருக்கிறது என்பதிலிருந்து நாம் சொல்லித்தர வேண்டும். அந்த நாட்களை யாரும் பில்லில் சேர்ப்பதில்லை. உள் தணிக்கைப் பிரிவையே 5 ஆண்டுக்கு ஒரு முறையாவது வெளியார் வந்து மதிப்பிட வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. மதிப்பீட்டாளர் வருகிற வருடம் மட்டும் எல்லாக் கோப்புகளும் பளபளக்கும், அது வேறு கதை.

ஸ்டோர் அண்ணன் ஒன்றரை வருடம் முடிந்து தன் இடத்துக்கே திரும்பிப் போய்விட்டார். எங்களுக்கு வருத்தம்தான், இன்னும் ஒரு வருடம் வைத்துக்கொள்ளலாமா என்றுகூடக் கேட்டுப் பார்த்தோம், ஸ்டோர் மேனேஜர் விடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்த ஸ்டோருக்கு ஆவணப் பட்டியல் அனுப்பினால் இரண்டே நாளில் எல்லாம் வந்து சேர்கிறது, கேட்ட வரிசையில், மேலே ஒரு குறிப்போடு. போன தடவை வந்த குறிப்பில் எழுதியிருந்தார்: "ஏழாவது அயிட்டம் உங்களுக்குத் தேவைப்படாது தங்கச்சி. எட்டாவதோட ஒட்டுச்சீட்டக் கேளுங்க."